கண்ணில் படுவதும் கண்ணை உறுத்துவதும்

எனக்கு ஆங்கிலத்தில் ஏகப்பட்ட சொற்கள் தெரியும் என்று எங்கள் தெருவில் ஒரு பேச்சு உண்டு. பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் நடத்தித்தான் சம்பளம் வாங்குகிறேன் என்பதால் நானும் அதை மறுப்பதில்லை. உண்மை என்னவென்றால், அத்தனை சொற்களில் ஒன்றே ஒன்றுக்குத்தான் எனக்கு முழுசாகப் பொருள் தெரியும். மற்றதெல்லாம் அகராதி சொல்லிக்கொடுத்தது. இது ஒன்றுதான் நானே பட்டுத் தெரிந்துகொண்டது.

அந்தச் சொல் 'அப்ட்ரூசிவ்'.

அகராதியில் 'துருத்திக்கொண்டு தெரிகிற' என்று போட்டிருக்கும். அது பாதிதான் சரி. கண்ணில் படுவதெல்லாம் அப்ட்ரூசிவ் ஆகாது. எங்கள் ஊர் ராஜகோபுரம் ஊருக்குள் நுழைவதற்கு முன்பே கண்ணில் படுகிறது, அதை யாராவது அப்படிச் சொல்வார்களா? அந்தக் கோபுரத்தைப் படம் எடுக்கலாம் என்று செல்போனைத் தூக்கினால் குறுக்கே ஒரு பிறந்தநாள் பேனர் நிற்கும். அதில் கூலிங் கிளாஸ் போட்ட ஒருவர் நம்மைக் கும்பிட்டுக்கொண்டிருப்பார். அதுதான் அப்ட்ரூசிவ். யாரும் பார்க்க விரும்பாத ஒன்று, பார்க்காமல் இருக்கவே முடியாத இடத்தில் வந்து நிற்பது. நம்மிடமும் இதற்குப் பஞ்சமில்லை. முந்திரிக்கொட்டை என்கிறோம், நந்தி மாதிரி குறுக்கே நிற்காதே என்கிறோம், சிவபூஜையில் கரடி என்கிறோம். ஒரே நாள் காலையில் நான் இந்த மூன்றுமாக இருந்திருக்கிறேன்.

அப்போதுதான் பி.எட். முடித்து ஒரு தனியார் பள்ளியில் சேர்ந்திருந்தேன். ஒன்பதாம் வகுப்புப் பாடத்தில் இந்தச் சொல் வந்தது. பிள்ளைகள் உதாரண வாக்கியம் கேட்டார்கள். நான் ஒரு நொடிகூட யோசிக்காமல் 'தி பிரைட் வாஸ் அப்ட்ரூசிவ் இன் ஹெர் சில்க் சாரி' என்று போர்டில் எழுதினேன். பட்டுப்புடவையில் மணப்பெண் எடுப்பாக இருந்தாள் என்று எழுதிவிட்டதாக எனக்கு நினைப்பு. (நான் எழுதியது, மணப்பெண் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு எல்லாருக்கும் உறுத்தலாக இருந்தாள் என்று.) பிள்ளைகள் பயபக்தியோடு அப்படியே எழுதிக்கொண்டார்கள்.

என் மனசில் மணப்பெண்ணும் புடவையும் ஓடிக்கொண்டிருந்ததற்குக் காரணம் இருந்தது. அந்த வாரக் கடைசியில் ரேவதிக்குக் கல்யாணம்.

ரேவதி என் சிநேகிதி. காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் எங்கள் தெருமுனையில் அவள் அப்பாவுக்கு மளிகைக்கடை. தெருவில் மற்ற எல்லார் வீட்டிலும் தறி, அவர்கள் வீட்டில் மட்டும் தராசு. மாப்பிள்ளை கோயம்புத்தூர்க்காரர். மாப்பிள்ளையின் அம்மா, நாங்கள் எல்லாரும் 'கோயம்புத்தூர் அம்மா' என்று அழைத்தவர், கூரைப்புடவையைக் கடையில் எடுக்கமாட்டேன் என்று சொல்லி நேரே எங்கள் வீட்டுக்கு, என் அப்பாவின் தறிக்கே வந்துவிட்டார்.

"என் கல்யாணத்துல எனக்கும் என் நாத்தனாருக்கும் ஒரே மாதிரி புடவை எடுத்துட்டாங்கண்ணா. இப்பவும் போட்டோவப் பார்த்தா, பொண்ணு எதுன்னு கேக்கறாங்க. எங்கம்மாவே ஒருக்கா கேட்டாங்க," என்றார். "என்ற மருமகளுக்கு அப்படி ஆகப்படாது. இதே மாதிரி இன்னொண்ணு இந்த ஊர்ல யார்கிட்டயும் இருக்கப்படாதுங்க. வாக்கு குடுங்க, நெய்யுங்க."

என் அப்பா எதற்கும் சுலபத்தில் வாக்குக் கொடுக்கிற ஆள் இல்லை. மழை வருமா என்று கேட்டால்கூட "வந்தா வரும்" என்பார். அன்றைக்கு, "இருக்காதும்மா. இது என் வாக்கு," என்றார்.

வாடாமல்லி நிற உடல், கிளிப்பச்சைக் கரை. கரையில் மயில், மயிலுக்குக் கீழே ருத்திராட்சக் கொட்டை வரிசை. அப்பா ராப்பகலாக உட்கார்ந்து நெய்து கொடுத்தார். நிச்சயதார்த்தத்தன்று கோயம்புத்தூர் அம்மா அந்தப் புடவையைத் தட்டில் வைத்து மண்டபம் முழுக்கக் காட்டினார். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் வைத்தார். கோயம்புத்தூரில் அந்தப் புடவையைப் பார்க்காத ஒரு கண்ணும் பாக்கி இல்லை.

இதில் கோயம்புத்தூர் அம்மாவுக்குத் தெரியாத ஒரு தறி விஷயம் இருக்கிறது. ஒரு புடவைக்கென்று யாரும் பாவு ஏற்றுவதில்லை. பாவு என்பது தறியில் நீளவாட்டில் ஓடும் நூல். ஒருமுறை ஏற்றினால் மூன்று புடவைக்கு வரும். முதலாவது ரேவதிக்கு. இரண்டாவதைக் குறுக்கு நூலின் நிறத்தை மாற்றி வேறு புடவையாக்கி, அப்பா கடைக்குக் கொடுத்துவிட்டார். மூன்றாவதை, மகள் டீச்சர் ஆகிவிட்டாள் என்கிற சந்தோஷத்தில் எனக்கு நெய்தார். அதே வாடாமல்லி, அதே கிளிப்பச்சை. கரையில் மட்டும் மயிலுக்குப் பதில் அன்னம், ருத்திராட்சத்துக்குப் பதில் சின்னச் சின்னக் கோபுரம்.

வாக்கை மீறி அவர் அதை நெய்யவில்லை என்பதை இங்கே சொல்லிவிடவேண்டும். அவர் கண்ணுக்கு அது முற்றிலும் வேறு புடவை. நான் ஒரே ஒரு தடவை, "ரெண்டும் ஒரே மாதிரி தெரியாதாப்பா?" என்று கேட்டேன்.

அப்பா என்னை மேலும் கீழும் பார்த்தார். "கண்ணுல இன்னா கோளாறு உனக்கு? அதுல மயிலு, இதுல அன்னம். அதுல கொட்டை, இதுல கோபுரம். ரெண்டும் எப்படி ஒண்ணாவும்?"

அம்மாவும் அதையே சொன்னாள். புடவையைப் பார்க்க வந்த பக்கத்துத் தறிக்காரர்களும் அதையே சொன்னார்கள். கரையை மாற்றினால் புடவை மாறியது, அவ்வளவுதான். பிறந்ததிலிருந்து தறிச் சத்தத்தில் வளர்ந்த எனக்கும் உற்றுப் பார்த்தால் உப்புக்கும் கற்பூரத்துக்கும் உள்ள வித்தியாசம் தெரிந்தது. (ஜரிகையில் நெய்த மயிலும் அன்னமும் பத்தடி தள்ளி நின்று பார்த்தால் இரண்டும் கோழிதான் என்பதை எங்கள் தெருவில் ஒருத்தரும் யோசிக்கவில்லை. எங்கள் தெருவில் யாரும் புடவையைப் பத்தடி தள்ளி நின்று பார்ப்பதே இல்லை.)

கல்யாணத்தன்று காலையில் அப்பாவும் அம்மாவும் ஒத்தாசைக்காக முன்னாலேயே மண்டபத்துக்குப் போய்விட்டார்கள். நான் புதுப்புடவை கட்டி, தலை நிறைய மல்லிகை வைத்து, ஜிமிக்கி மாட்டி, ஷேர் ஆட்டோவில் போய் இறங்கினேன். வாசலில் உட்கார்ந்திருந்த நாதஸ்வரக்காரர் என்னைப் பார்த்ததும் தவில்காரரை முழங்கையால் இடித்தார். இரண்டு பேரும் வாசிக்க ஆரம்பித்துவிட்டார்கள். வீடியோக்காரர் ஓடிவந்து லைட்டை என் முகத்தில் அடித்தார்.

இருபத்து மூன்று வயதில் எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? நல்ல பட்டுக்கு ஒரு மரியாதை இருக்கத்தான் செய்கிறது என்று தோன்றியது. காமிராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே நடந்தேன். முந்திரிக்கொட்டை.

உள்ளே மாப்பிள்ளை வீட்டுப் பெரியம்மா ஒருவர் என் கையைப் பிடித்து நிறுத்தினார். "ஏனம்மணி, தட்டு வெக்கறதுக்கு முன்னாலயே கூரை கட்டிட்டயா?"

கூரைப்புடவையைத் தட்டில் வைத்து, பெரியவர்கள் தொட்டு ஆசீர்வதித்து, மேடையில் கொடுத்த பிறகுதான் மணப்பெண் அதைக் கட்டிக்கொண்டு வரவேண்டும். அதற்கு முன் கட்டினால் கல்யாணமே கோணல் என்பார்கள்.

"நான் பொண்ணு இல்லீங்க. பொண்ணோட சிநேகிதி," என்றேன் பெருமையாக.

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. புடவையைத்தான் பார்த்தார். "அப்ப பொண்ணோட புடவை உன்றகிட்ட எப்படி வந்துது?" என்று கேட்டுவிட்டுத் தட்டு இருந்த பக்கம் வேகமாக நடந்தார். இரண்டு மூன்று கோயம்புத்தூர்க்காரிகள் பின்னாலேயே போனார்கள். தட்டில் புடவை பத்திரமாக இருந்தது. அவர்கள் தட்டைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள், மறுபடி தட்டைப் பார்த்தார்கள். எனக்கு அப்போதுதான் உறைத்தது.

மணப்பெண் அறைக்கு ஓடினேன். ரேவதி வேறொரு புடவையில், பியூட்டிஷியன் கண்ணுக்கு மை தீட்ட, அசையாமல் உட்கார்ந்திருந்தாள். கண்ணாடியில் என்னைப் பார்த்ததும் மை கன்னத்துக்கு இறங்கிவிட்டது.

"அடிப்பாவி! இன்னாடி என் புடவைய கட்டிக்கினு வந்து நிக்கிற?"

"உன்துல மயிலுடி. என்துல அன்னம்."

"மயிலாவது மண்ணாங்கட்டியாவது! எனக்கே தெரியல, என் மாமியாருக்குத் தெரியப்போவுதா?" மளிகைக்கடைக்காரர் மகள் அல்லவா, உலகம் பார்க்கிற கண்ணால் பார்த்தாள். "உங்கப்பாகிட்ட அவங்க வாக்கு வாங்கிக்கினு போயிருக்காங்க கவி. இத்தப் பார்த்தாங்கன்னா, ஊரைக் கூட்டி நிக்க வெச்சு மாமாவைக் கேப்பாங்க. அவங்க சும்மா வுடற ஆளு இல்ல."

என் அப்பாவை நாலு பேர் முன்னால் வாக்குத் தவறியவர் என்று ஒருத்தர் சொல்வதை நான் நினைத்துப் பார்த்தேன்.

கோயம்புத்தூர் அம்மா மாப்பிள்ளையோடு வேறு சடங்கில் இருந்தார். இன்னும் அவர் காதுக்கு எதுவும் போகவில்லை. "சாப்பாட்டுக் கூடம் வழியா பின்வாசல்ல போயி, வூட்டுக்குப் போய் மாத்திக்கினு வா," என்று ரேவதி ஒரு போர்வையை எடுத்து என் தலையோடு மூடிவிட்டாள்.

ஆவணி மாதப் புழுக்கம். மண்டபத்தில் ஆண்களெல்லாம் சட்டையின் மேல் பட்டனைக் கழற்றிவிட்டு விசிறிக்கொண்டிருக்கிறார்கள். நடுவில் நான் மட்டும் தலைமுதல் கால்வரை கட்டம் போட்ட போர்வையில் நடந்து போனேன். கண்ணில் படாமல் இருப்பதற்காக. "காய்ச்சலாம்மா?" என்றார் ஒருவர். "டெங்கு சீசன்பா, தள்ளி உக்காரு," என்று இன்னொருவர் தன் பேரனை இழுத்துக்கொண்டார். போகிற வழியெல்லாம் நாற்காலிகள் நகர்ந்து எனக்கு இடம் விட்டன. யாரோ ஒரு அக்கா மாத்திரை அட்டையை என் கையில் திணித்துவிட்டுப் போனாள்.

சாப்பாட்டுக் கூடத்தின் பின்வாசலில் சிலிண்டர்களையும் அண்டாக்களையும் அடுக்கி அடைத்திருந்தார்கள். திரும்பலாம் என்றால் ரேவதியின் அப்பா எதிரே நிற்கிறார்.

"இன்னா கவிதா, போத்திக்கினு? சாப்ட்டியா?"

"அப்புறம் சாப்பிடறேன் மாமா."

"வெறும் வயித்துல இருந்தா காய்ச்சல் ஏறும். உக்காரு. சூடா பொங்கல் துன்னு, பறந்துடும்." தோளைப் பிடித்து அழுத்தி உட்காரவைத்து, இலையைப் போட்டு, போர்வையை அவரே உருவி நாற்காலியில் மாட்டிவிட்டுப் போனார். பெண்ணைப் பெற்ற மனுஷன், ஒருத்தரும் பட்டினியாகப் போய்விடக்கூடாது என்று அலைகிறார். அவரிடம் என்ன சொல்வது?

நானும் ஒரு கணக்குப் போட்டேன். சாப்பாட்டுக் கூடத்தில் எல்லாருடைய கண்ணும் அவரவர் இலையில்தான் இருக்கும். இதைவிடப் பாதுகாப்பான இடம் இந்த மண்டபத்தில் கிடையாது. தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட ஆரம்பித்தேன். (பொங்கல் நன்றாக இருந்தது. எந்த நிலைமையிலும் இதைக் கவனிக்கிற புத்தி எனக்கு உண்டு.)

அந்தக் கூடத்தில் ஒரு பெரிய எல்.இ.டி. திரை இருந்தது. மண்டபத்திலும் ஒன்று. மேடையில் நடப்பதை, அங்கேயே நிறுத்தியிருந்த ஒரு காமிரா இரண்டிலும் காட்டிக்கொண்டிருந்தது. தட்டு கொடுத்தாகிவிட்டது. ரேவதி வாடாமல்லிப் புடவையைக் கட்டிக்கொண்டு மணையில் வந்து உட்கார்ந்தாள். நிஜமாகவே அவ்வளவு அழகாக இருந்தாள். நான் என் கவலையை மறந்து பார்த்துக்கொண்டே வடையைக் கடித்தேன்.

திடீரென்று திரையில் ஒரு வாய் வந்தது. திரை முழுக்க வாய்தான். அதில் ஒரு வடை பாதி உள்ளே, பாதி வெளியே. யாருக்கு இவ்வளவு பெரிய வாய் என்று நான் யோசித்தேன். காமிரா கொஞ்சம் பின்னால் போனதும் ஜிமிக்கி தெரிந்தது, மல்லிகை தெரிந்தது, வாடாமல்லி தெரிந்தது. திரும்பினால், பக்கத்து வரிசையில் வீடியோக்காரர் ஒற்றைக்கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறார். வாசலில் என்னைப் படம் பிடித்த அதே ஆள். மணப்பெண் எங்கே போனாலும் விடாமல் தொடரவேண்டும் என்று அவருக்கு உத்தரவாம்.

"மேடம், அப்படியே வடைய இன்னொரு கடி. கேண்டிட் ஷாட்," என்றார்.

மேடையில் ஒரு மணப்பெண் ஹோமப் புகையில் உட்கார்ந்திருக்கிறாள். திரையில் அதே மணப்பெண் வடை தின்கிறாள். மண்டபத்திலிருந்து வந்த சத்தம் சாப்பாட்டுக் கூடம்வரை கேட்டது.

திரை மறுபடி மேடைக்கு மாறியது. கோயம்புத்தூர் அம்மா எழுந்து நின்றுகொண்டிருந்தார். ஐயரின் தோள்துண்டில் மாட்டியிருந்த மைக் எல்லாவற்றையும் கூடத்துக்கு அனுப்பியது.

"ஏனுங்க, அந்தத் தறிக்கார அண்ணனக் கொஞ்சம் கூப்பிடுங்க."

அப்பா மேடை ஏறினார். அவருக்கு என்ன விஷயம் என்றே புரியவில்லை. சந்தனம் கொடுக்கக் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்திருப்பார், துண்டைச் சரிசெய்துகொண்டார்.

"இன்னொண்ணு இருக்காதுன்னு சொன்னீங்களேண்ணா. அங்க ஒரு புள்ள கட்டீட்டு உக்காந்துட்டு இருக்குதே, அது என்னங்க?"

"அதுவாம்மா? அது என் பொண்ணு. அது வேற புடவை," என்றார் அப்பா நிம்மதியாக. ரேவதியின் புடவைக் கரையைத் தொட்டுக் காட்டினார். "இதுல பாரும்மா, மயிலு. அதுல அன்னம். இதுல கொட்டை, அதுல கோபுரம்."

"எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தானுங்களே தெரியுது."

இதைக் கேட்டதும் பெண் வீட்டுப் பக்கம் பாதி மண்டபம் எழுந்துவிட்டது. எங்கள் தெருவே அங்கேதான் இருந்தது. "வேற வேற புடவைம்மா, நல்லாப் பாரு!" என்று ஒருவர். "மயிலுக்குக் கொண்டை கீது, அன்னத்துக்கு எங்க கீது கொண்டை?" என்று இன்னொருவர். தங்கள் எல்லாருடைய கண்ணையும் ஒரு அசலூர்க்காரி சந்தேகப்பட்டுவிட்டாள் என்கிற கோபம் அவர்களுக்கு. மாப்பிள்ளை பக்கம், "ரெண்டும் ஒண்ணுதானுங்க, எங்களுக்கும் கண்ணு இருக்குதுங்க," என்று எழுந்தார்கள். நடுவில் ஐயர், "முகூர்த்தம் போயிண்டிருக்கு, பொம்மனாட்டிகள்லாம் செத்த உக்காருங்கோ," என்று கெஞ்சினார். உரக்கக் கத்தியவர்களில் ஒரு பெண்கூட இல்லை.

கோயம்புத்தூர் அம்மா குரலை உயர்த்தவே இல்லை. "மயிலு, அன்னமெல்லாம் இருக்கட்டுங்கண்ணா. நான் படிச்சவ இல்ல, தறி தெரிஞ்சவளும் இல்ல. தூரத்துல இருந்து பார்க்கறவளுக்கு வேற புடவையாத் தெரியணுமுன்னுதான கேட்டேன். அந்தத் திரையப் பாருங்க. பார்த்துட்டு நீங்களே சொல்லுங்க."

வீடியோக்காரர் உத்தரவு வந்ததுபோல மறுபடி என்னைப் போட்டார். அப்பா திரும்பித் திரையைப் பார்த்தார். ஒரு புடவையை அவ்வளவு தூரத்திலிருந்து அவர் பார்த்தது அதுதான் முதல்தடவை என்று நினைக்கிறேன். ரொம்ப நேரம் பார்த்தார்.

"ஒண்ணாத்தாம்மா தெரியுது," என்றார்.

மைக்கில் அது சன்னமாகத்தான் கேட்டது. எங்கள் தெரு ஆட்கள் ஒவ்வொருவராக உட்கார்ந்துவிட்டார்கள். அப்பா துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, தலை குனிந்து நின்றார். அந்த அம்மாள் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை, அதுதான் எனக்கு இன்னும் வலித்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. எச்சில் கையோடு எழுந்து ஓடினேன்.

மணப்பெண் அறையில் யாரும் இல்லை. புடவையை அவிழ்த்தேன். ரேவதி மாற்றிய புடவையையும் மற்றதையும் பெட்டியில் வைத்துப் பூட்டியிருந்தார்கள். மாற்றிக்கொள்ள வெளியில் இருந்த ஒரே துணி ரேவதியின் அம்மா விடியற்காலையில் போட்டுக்கொண்டு வந்த நைட்டி. ஆரஞ்சு நிறம், தட்டு அகலத்துக்குச் சூரியகாந்திப் பூக்கள், என்னைப்போல் இரண்டு பேர் உள்ளே போகலாம். போட்டுக்கொண்டேன். மரியாதைக்காக ஒரு குளியல் துண்டை மேலே போட்டுக்கொண்டேன். புடவையை மடித்துக் கையில் எடுத்துக்கொண்டு மேடைக்கு நடந்தேன்.

மண்டபம் கப்சிப்பென்று ஆனது. கோயம்புத்தூரும் காஞ்சிபுரமும் அன்றைக்கு முதல்தடவையாக ஒரே மாதிரி நடந்துகொண்டது அப்போதுதான். முதல் வரிசையில் அட்சதையோடு உட்கார்ந்திருந்த எங்கள் பள்ளிப் பிரின்சிபால் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். என் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு பேர் வாயைப் பொத்திக்கொண்டார்கள். சிவபூஜையில் கரடி வந்திருந்தால்கூட இவ்வளவு தெளிவாகத் தெரிந்திருக்காது. ஆனால் சொன்னால் நம்பமாட்டீர்கள், அந்த நேரத்தில் எனக்கு வெட்கம் வரவில்லை. அப்பாவின் முகம் ஒன்றுதான் கண்ணில் இருந்தது.

புடவையை அந்த அம்மாளின் இரண்டு கையிலும் வைத்தேன்.

"இந்தாங்கம்மா. இப்ப ரெண்டும் உங்ககிட்டதான் இருக்குது. இந்த ஊர்ல வேற யார்கிட்டயும் இல்ல. எங்க அப்பா சொன்ன வாக்கு தப்பலை."

அவர் புடவையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். தலையில் மல்லிகை, காதில் ஜிமிக்கி, கழுத்தில் நெக்லஸ், தோளில் குளியல் துண்டு, உடம்பெல்லாம் சூரியகாந்தி. அவர் உதடு ஒரு பக்கமாக இழுத்தது. அடக்கப் பார்த்தார். அதற்குள் மணையில் உட்கார்ந்திருந்த ரேவதி, மாமியாருக்கு இத்தனை நாள் பயந்து நடுங்கிய ரேவதி, பக்கென்று சிரித்துவிட்டாள். அப்புறம் அந்த அம்மாளாலும் முடியவில்லை. கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

"தப்பலீங்கண்ணா, உங்க வாக்கு தப்பல," என்றார் அப்பாவிடம். என் கன்னத்தைத் தட்டி, "சரி அம்மணி, போய் ஓரமா நில்லு. தாலி கட்டட்டும்," என்றார்.

ஓரமாக நிற்பதாவது! அந்த நைட்டிக்கு ஓரம் என்று ஓர் இடம் அந்த மண்டபத்தில் கிடையாது. நகர்ந்து நகர்ந்து மணமக்களுக்கு நேர் பின்னால் போய்விட்டேன். கெட்டிமேளம் முழங்க மாப்பிள்ளை தாலி கட்டுகிற படத்தில், இரண்டு தலைகளுக்கும் நடுவே ஒரு சூரியகாந்தித் தோட்டம் இருக்கிறது. நந்திக்காவது விலகத் தெரியும் என்பார்கள். குடும்பப் படம் எடுக்கும்போது நான் நழுவப் பார்த்தேன். கோயம்புத்தூர் அம்மா கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார். "இந்தப் போட்டோவுல பொண்ணு எதுன்னு யாரும் கேக்கமாட்டாங்க, வா," என்றார்.

திங்கட்கிழமை வகுப்புக்குப் போய் முதல் வேலையாகப் பழைய வாக்கியத்தை அடிக்கச் சொன்னேன். எல்லாரும் பார்க்கவேண்டியவள் மணப்பெண், அவளுக்கு அந்தச் சொல் பொருந்தாது, பார்க்கக்கூடாத நேரத்தில் கண்ணை வந்து குத்துவதுதான் அப்ட்ரூசிவ் என்று விளக்கினேன். "அப்ப சரியான உதாரணம் சொல்லுங்க மிஸ்," என்றாள் ஒருத்தி, முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல். பின்வரிசை மொத்தமும் பெஞ்சுக்கு அடியில் போய்விட்டது. கல்யாண வீடியோ யூடியூபில் நேரலையாகப் போயிருந்தது என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அந்த வகுப்பில் அந்தச் சொல்லை அதற்குப்பிறகு ஒருத்தரும் தப்பாக எழுதவில்லை.

கோயம்புத்தூர் அம்மா என் புடவையைத் திருப்பித் தரவில்லை. பதிலுக்கு எனக்கொன்று நெய்யச் சொல்லி அப்பாவிடம் ஆர்டர் கொடுத்தார். நிறத்தையும் அவரே சொன்னார், "சாம்பக் கலருங்கண்ணா. கரை வேண்டாம். யார் கண்ணுலயும் படக்கூடாது." இன்றைக்கும் எந்தக் கல்யாணத்துக்கும் நான் அதைத்தான் கட்டிக்கொண்டு போகிறேன். அப்படியும் எங்கள் தெருவில் ஒரு வீட்டில் கல்யாணம் என்றால், நாள் குறித்த கையோடு, "கவிதா, நீ இன்னா கலர் கட்டிக்கினு வரப்போற?" என்று ஒரு போன் வந்துவிடும்.

அப்பா இப்போதும் தறியில் உட்காருகிறார். கல்யாணத்துக்குப் புடவை சொல்ல வருகிறவர்கள் எல்லாரும், எந்த ஊர்க்காரர்களாக இருந்தாலும், கடைசியில் அந்தக் கேள்வியைக் கேட்காமல் போவதில்லை. இதே மாதிரி இன்னொண்ணு இருக்குமா?

அப்பா தறியிலிருந்து தலையை நிமிர்த்தி, வீட்டுக்குள் நான் எங்கே இருக்கிறேன் என்று ஒரு பார்வை பார்ப்பார்.

"இருக்கும்மா," என்பார். "ஆனா உங்க கல்யாணத்துக்கு வராது."